புகைப்படச் செயலி மாறியபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது?

தாமிரபரணி

ஐபோனின் புகைப்படச் செயலியில் கீழே வரிசையாக இருந்த பொத்தான்கள் போய், எல்லாம் ஒரே நீளப் பக்கமாக ஆனதே, அந்த மாற்றத்தைத்தான் சொல்கிறேன். விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அம்மாவின் சிறுநீரகப் பரிசோதனைத் தாள்களைப் படமெடுத்துத் தனி ஆல்பத்தில் வைத்திருப்பேன். மருத்துவர் "போன முறை கிரியாட்டினின் எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார். கட்டைவிரல் தானாகவே திரையின் அடிப்பகுதிக்குப் போயிற்று. அங்கே ஆல்பம் இல்லை. விரல் பட்ட இடத்தில் ஏதோ ஒரு நினைவுத் தொகுப்பு திறந்து, தங்கையின் வளைகாப்புப் படங்கள் இசையோடு ஓடத் தொடங்கின. மருத்துவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வளையல் அடுக்கிய கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

"சரி, இன்று ஒரு முறை ரத்தம் எடுத்துவிடலாம், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம்" என்றார் மருத்துவர். அம்மாவுக்கு நரம்பு எளிதில் கிடைக்காது. அந்தக் கூடுதல் ஊசியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கரிசல்காடு

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு நடந்தது இது.

அவருக்குப் போனில் எழுத்து முக்கியமில்லை, இடம்தான் முக்கியம். "கீழே வலது ஓரம், அப்புறம் மேலே இரண்டாவது படம்" என்று பழகி வைத்திருந்தார். அந்த இரண்டாவது படம் அப்பத்தா. ஸ்டூடியோவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை நான் போனில் எடுத்துக் கொடுத்திருந்தேன். காலையில் திருநீறு பூசியதும் அதை ஒரு முறை பார்ப்பார். புதுப்பித்த மறுநாள் காலை போனை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்று, "ஆத்தாவைக் காணவில்லையே" என்றார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர். அந்தக் குரல் ஒரு சின்னப் பையனின் குரலாக இருந்தது.

படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அதன் பிறகு அவர் அந்தப் போனை முன்போல நம்பவில்லை. யாராவது பக்கத்தில் இருக்கும்போதுதான் திறக்கிறார்.

ஒளிவட்டம்

தாமிரபரணி சொன்னதில் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் மாற்றமே கூடாது என்ற முடிவுக்குப் போவதை ஏற்க மாட்டேன். என் அனுபவம் நேர் எதிரானது. மகளைப் பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில் தடுப்பூசி அட்டையைக் கேட்டார்கள். தேடல் கட்டத்தில் தடுப்பூசியின் பெயரை ஆங்கிலத்தில் தட்டினேன், அட்டையின் படம் உடனே வந்து நின்றது. படத்துக்குள் அச்சாகியிருக்கும் எழுத்தையும் படிக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஆல்பத்தில் தேடியிருந்தால் அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

ஐபோன்காரர்களுக்காக இனிச் சொல்வது. ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸின், 2024 செப்டம்பரில் வந்த 18 பதிப்பில்தான் நூலகம், உங்களுக்காக, ஆல்பங்கள், தேடல் என்ற நான்கு பொத்தான்களும் எடுக்கப்பட்டன. அந்த ஒரே பக்கத்தை அப்படியே சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. அடிவரை தள்ளிக்கொண்டே போனால் வரிசையை மாற்றும் பொத்தான் ஒன்று இருக்கும். வேண்டாத பகுதிகளை அங்கே அணைத்துவிடலாம், ஆல்பங்களை முதலிடத்துக்கு இழுத்து வைக்கலாம். அடிக்கடி தேவைப்படும் ஆல்பத்தைப் பொருத்தி வைக்கத் தனிப் பகுதியே உண்டு. ஸ்கிரீன்ஷாட்டுகள் கண்ணில் படாமல் வடிகட்டலாம், வங்கிச் செய்திகளும் பேருந்து டிக்கெட்டுகளும் குடும்பப் படங்களுக்கு நடுவே வந்து நிற்காது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 18.2 பதிப்பில் வீடியோ திரும்பத் திரும்ப ஓடுவதை நிறுத்தும் வசதி வந்தது, வலப்பக்கம் தள்ளினால் முந்தைய பக்கத்துக்குத் திரும்பும் வசதியும் வந்தது. அண்மையில் பார்த்த படங்களின் வரலாற்றையும் அழிக்கலாம். போனைப் பிள்ளைகள் கையில் கொடுப்பவர்கள் இதை அவசியம் செய்யுங்கள். 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26 பதிப்பில் நூலகம், தொகுப்புகள் என்று இரண்டு பொத்தான்கள் கீழே திரும்பிவிட்டன. மக்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நெய்தல்

ஒளிவட்டம், தேடிக்கொள்ளலாம் என்கிறீர்கள். உங்கள் அட்டையில் அச்சடித்த ஆங்கிலம் இருந்தது, கிடைத்தது. கரிசல்காட்டின் அப்பத்தா படத்தில் எந்த எழுத்து இருக்கிறது? அந்தப் பெரியவர் எதைத் தட்டித் தேடுவார்? பார்வை மங்கியவர்களும் கை நடுங்குபவர்களும் இடத்தை வைத்துத்தான் போனை ஆளுகிறார்கள். இடத்தை மாற்றினால் அவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும். பொத்தான்கள் ஓராண்டு கழித்துத் திரும்பின என்கிறீர்கள், அந்த ஓராண்டை யார் ஈடு செய்வது?

எங்கள் மாடி வீட்டு அக்கா கணவரை இழந்தவர். அந்த அண்ணன் பேசிய ஒரே ஒரு வீடியோ இருந்தது. புதிய திரையில் எதையோ தொடப் போய் அது நீங்கிவிட்டது. நான் போனபோது அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். நீக்கியவை முப்பது நாள் வரை இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பகுதி பக்கத்தின் அடியில் பயன்பாடுகள் என்ற தலைப்பின் கீழே போய்விட்டிருந்தது. ஒருவழியாகக் கண்டுபிடித்துத் தொட்டால் அது உரியவரின் முகத்தைக் காட்டச் சொல்கிறது. அக்காவிடம் நீட்டினேன். முந்தானை மறைத்ததால் அவர் முகத்தை அது ஏற்கவில்லை. "கையை எடுங்கள் அக்கா, ஒரு நிமிடம் நிமிர்ந்து பாருங்கள்" என்றேன். நிமிர்ந்தார். பூட்டு திறந்தது. முதல் கட்டத்திலேயே அண்ணன் இருந்தார்.

தாமிரபரணி

ஒளிவட்டம், மாற்றமே கூடாது என்று நான் எழுதவில்லை, என் பதிவை மறுபடி படியுங்கள். நீங்கள் சொன்ன வழிகள் எல்லாம் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து செய்யக்கூடியவை. பக்கத்தின் அடியில் ஒரு பொத்தான் இருக்கிறது என்பது மருத்துவர் அறையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? புதுப்பித்த பின் முதல் முறை திறக்கும்போதே "உங்கள் ஆல்பங்கள் இப்போது இங்கே இருக்கின்றன" என்று அம்புக்குறி போட்டு, அதைத் தொட்டுப் பார்க்க வைத்திருக்கலாம். நான் கேட்பது அவ்வளவுதான். இப்போது அம்மாவின் தாள்களை அச்செடுத்துக் கோப்பிலும் வைத்திருக்கிறேன்.

மலைச்சாரல்

இதையெல்லாம் படித்த பிறகு என் மாமியாரின் போனில் புதுப்பிப்பையே நிறுத்தி வைக்கலாமா என்று தோன்றுகிறது. பேரன் படங்களைத் தவிர அவர் வேறு எதையும் பார்ப்பதில்லை.

ஒளிவட்டம்

நிறுத்தாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் அதே புதுப்பிப்போடுதான் வருகின்றன, வங்கிச் செயலி இருக்கும் போன் என்றால் ஆபத்து. நீங்கள் ஊரில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே புதுப்பித்து, பேரன் ஆல்பத்தை மேலே பொருத்திக் கொடுங்கள். கரிசல்காடு, உங்கள் அப்பாவுக்கு இன்னொரு வழி இருக்கிறது: அப்பத்தா படத்தைப் பூட்டுத் திரையிலேயே வைத்துவிடுங்கள். எந்தச் செயலியையும் திறக்க வேண்டியதில்லை.

கரிசல்காடு

இன்று மாலையே வைக்கிறேன்.