முதல் வீட்டுச் சலுகைகள் நமக்கா, விற்பவருக்கா? (ஊரில் சீதன வீடும் உண்டு)

வாடகைக்காரன்:
இங்கிலாந்தில் முதல் வீடு வாங்கப் பார்க்கிறோம். பார்த்து வைத்திருப்பது லண்டன் விளிம்பில் புதிதாகக் கட்டிய இரண்டு அறை ஃபிளாட், விலை 445,000 பவுண்ட். இருவரிடமும் லைஃப்டைம் ஐசா (நாம் போடுவதோடு அரசும் காசு சேர்க்கும் சேமிப்புக் கணக்கு) இருக்கிறது. மனைவியின் பெயரில் ஊரில் சீதனமாக எழுதிய வீடு ஒன்றும் உண்டு, இங்கே எங்கள் பெயரில் எதுவும் இல்லை. விற்பனை அலுவலகத்தில் "ஃபர்ஸ்ட் டைம் பையர் சலுகை எல்லாம் கிடைக்கும்" என்கிறார்கள். இரண்டு கேள்விகள். உண்மையில் எது கிடைக்கும்? இந்தச் சலுகைகளால்தான் விலையே ஏறுகிறது என்று சிலர் சொல்வது சரியா?

உறுதிப்பத்திரம்:
விற்பனை அலுவலகம் உங்கள் சீதன வீட்டைப் பற்றிக் கேட்டிருக்காது. வரித் துறை கேட்கும்.

"முதல் முறை வாங்குபவர்" என்றால் உலகத்தில் எந்த மூலையிலும் வீடு சொந்தமாக இருந்திருக்கக் கூடாது. வாங்கியது, சீதனமாக வந்தது, பரம்பரையாகக் கிடைத்த பங்கு எல்லாம் ஒன்றுதான். எனவே மனைவி அந்தக் கணக்கில் வரமாட்டார். நீங்கள் வருவீர்கள்.

லைஃப்டைம் ஐசா ஆளுக்கு ஆள் தனி. உங்களுடையதை நீங்கள் பயன்படுத்தலாம், மனைவி சேர்ந்து வாங்கினாலும் அதற்குத் தடையில்லை. அவருடையதை வீட்டுக்கென்று எடுக்க முடியாது. எடுத்தால் 25% வெட்டு. இந்த 25% எப்படிக் கடிக்கிறது பாருங்கள்: 4,000 போட்டார், அரசு 1,000 சேர்த்தது, மொத்தம் 5,000. அதில் கால்வாசி 1,250 போனால் கையில் 3,750. அரசு கொடுத்ததும் போய், சொந்தக் காசிலும் 250 போகிறது. அவசரம் இல்லையென்றால் அதை அப்படியே விடுங்கள், 60 வயதில் வெட்டில்லாமல் எடுக்கலாம்.

ஸ்டாம்ப் டியூட்டிதான் (வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி) பெரிய அடி. 445,000க்கு மூன்று விதமாக வரும்:

நீங்கள் மட்டும் வாங்கி, முதல் வீட்டுச் சலுகையும் கிடைத்தால் 7,250 (300,000 வரை வரி இல்லை, மிச்சத்துக்கு 5%).
இருவர் பெயரிலும் வாங்கினால் சாதாரண விகிதம், 12,250.
மனைவியின் ஊர் வீட்டின் பெறுமதி 40,000 பவுண்ட் அல்லது அதற்கு மேல் என்றால், இரண்டாவது வீட்டுக்கான கூடுதல் 5% சேர்ந்து 34,500.

"அப்போ என் பெயரில் மட்டும் வாங்கிவிடுகிறேன்" என்று பலர் நினைப்பார்கள். கூடுதல் வரி விடயத்தில் சேர்ந்து வாழும் கணவன் மனைவி ஒரே ஆளாகத்தான் பார்க்கப்படுவார்கள். மனைவி பத்திரத்தில் இல்லாவிட்டாலும் அவருடைய வீடு எண்ணப்படும், அந்தக் கூடுதல் வரி வந்தால் உங்கள் முதல் வீட்டுச் சலுகையும் கூடவே போகும். ஊரில் இருப்பது வெறும் காணி, அதில் வீடில்லை என்றால் ஸ்டாம்ப் டியூட்டியில் இந்தச் சிக்கல் இல்லை.

கணக்குப்பிள்ளை:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரே வார்த்தையில் ஆம் இல்லை சொல்ல முடியாது. புதிதாக வீடு கட்ட இடமும் அனுமதியும் எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதற்கு நல்ல சோதனைக்கூடம் ஹெல்ப் டு பை ஈக்விட்டி லோன். 2013 ஏப்ரலில் தொடங்கியது: புது வீட்டுக்கு 5% டெபாசிட், 20% அரசுக் கடன், 75% மோர்ட்கேஜ் (வங்கியின் வீட்டுக் கடன்). 2016 பெப்ரவரியில் லண்டனுக்குள் மட்டும் அரசுக் கடன் 40% ஆனது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் லண்டன் எல்லைக் கோட்டின் இரு பக்கத்தையும் ஒப்பிட்டார்கள். உள்பக்கத்தில் புது வீடுகளின் விலை ஏறியது, கட்டப்பட்ட வீடுகள் கூடவில்லை. வேல்ஸ் எல்லையில் இதற்கு நேர்மாறு. இங்கிலாந்துப் பக்கம் 600,000 பவுண்ட் விலையுள்ள வீடு வரை, வேல்ஸ் பக்கம் 300,000 வரைதான் உதவி கிடைத்தது. அங்கே விலை அசையவில்லை, கட்டுமானம் கூடியது. திட்டம் ஒன்றே, நிலம்தான் வேறு.

காரணம் கட்டுமானக் கம்பனி கணக்குப் போடும் விதம். வீடு என்ன விலைக்குப் போகும் என்பதில் தொடங்கி, கட்டும் செலவையும் லாபத்தையும் கழித்து, மிஞ்சுவதைத்தான் நிலத்துக்குக் கொடுப்பார்கள். வாங்குபவர் கையில் அரசு காசு வைத்தால் விற்கும் விலை ஏறும், அந்த ஏற்றம் கடைசியில் நிலச் சொந்தக்காரர் பைக்குப் போகும். நிலம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் மட்டும்தான் கம்பனிகள் போட்டி போட்டுக் கட்டும்.

ஸ்டாம்ப் டியூட்டிச் சலுகை 2017 நவம்பரில் வந்தபோதே வரவு செலவுக் கணிப்பு அலுவலகம் (ஓபிஆர்) வெளிப்படையாக எழுதியது: விலை சுமார் 0.3% ஏறும், அதிகம் பயன்பெறுவது ஏற்கனவே வீடு வைத்திருப்பவர்கள். 2019இல் தேசியக் கணக்காய்வு அலுவலகம், ஹெல்ப் டு பையில் வாங்கியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பேர் அது இல்லாமலே வீடு வாங்கியிருக்கக் கூடியவர்கள் என்றது.

செங்கல்சுண்ணாம்பு:
கணக்குப்பிள்ளை அண்ணை சொல்வது சந்தைக்குச் சரி. ஆனால் ஐந்தில் மிச்ச இரண்டு பேரையும் மறக்கக் கூடாது, அவர்களுக்கு அந்த 20% இல்லாமல் வீடே இல்லை. எல்லாத் திட்டத்தையும் ஒரே கூடையில் போடுவதும் தவறு. மோர்ட்கேஜ் கேரண்டி உங்கள் கையில் ஒரு பென்னியும் தராது, கடன் கொடுப்பவருக்கு அரசு தரும் காப்பு மட்டுமே அது. ஷேர்ட் ஓனர்ஷிப்பில் வீட்டின் ஒரு பங்குக்குத்தான் விலை கொடுக்கிறீர்கள், சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) பெரும்பாலும் முழுசாக உங்கள் தலையில்.

வாடகைக்காரன், உங்களுக்குத் தேவை அந்த ஒரு ஃபிளாட்டின் விலையில் சலுகை ஏற்கனவே ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறதா என்பது. அதை இப்படிப் பாருங்கள்:

அரசின் ஈபிசி (வீட்டின் எரிசக்திச் சான்றிதழ்) பதிவேட்டில், சான்றிதழ் எடுத்த வீடுகளுக்குத் தளப் பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் (சொத்துப் பதிவகம்) விற்ற விலை இருக்கும். இரண்டும் இலவசம். அதே தெருவில் நாலைந்து வருடத்துக்கு முன் புதிதாகக் கட்டி இப்போது மறுவிற்பனையான ஃபிளாட்டுகளைத் தேடுங்கள். உதாரணத்துக்கு உங்களுடையது 62 சதுர மீட்டர் என்றால் மீட்டருக்குச் சுமார் 7,180 பவுண்ட். பக்கத்தில் அதே அளவு 405,000க்குப் போயிருந்தால் மீட்டருக்கு 6,530. வித்தியாசம் 40,000. உங்கள் ஐசாவில் அரசு போடுவது வருடத்துக்கு அதிகபட்சம் 1,000. எத்தனை வருடச் சலுகையைப் புதுப் பெயின்ட் மணத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இன்னொன்று. விலை 450,000ஐ ஒரு பவுண்ட் தாண்டினாலும் லைஃப்டைம் ஐசா உதவாது. 2017இல் வைத்த வரம்பு, அசையவே இல்லை. 445,000 என்பது தற்செயலாக வந்த எண் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இன்னும் கட்டி முடியாத ஃபிளாட் என்றால் தேதியைக் கவனியுங்கள். ஐசா காசை நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது, சொலிசிட்டர்தான் (உங்கள் வழக்கறிஞர்) கேட்டு வாங்க வேண்டும். அவர் கைக்கு வந்து 90 நாளுக்குள் கொம்ப்ளீஷன் (முழுக் காசும் கட்டி வீடு கைமாறுவது) நடக்க வேண்டும். கட்டுமானம் இழுத்தால் சொலிசிட்டர் நீடிப்புக் கேட்கலாம், அல்லது காசு ஐசாவுக்கே திரும்பிப் போகும். எக்ஸ்சேஞ்ச் டெபாசிட்டை (ஒப்பந்தம் உறுதியாகும்போது கட்டும் முன்பணம்) அந்தக் காசில் கட்டப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே சொலிசிட்டரிடம் கதைத்துவிடுங்கள்.

வாடகைக்காரன்:
மிக்க நன்றி. பக்கத்துக் கட்டடத்தில் மறுவிற்பனைக்கு ஒன்று இருக்கிறது, 410,000. விற்பவர் ஹெல்ப் டு பையில் வாங்கியவராம். 400,000க்குக் கேட்டால் "முடியாது, வேல்யுவேஷன் அப்படி" என்கிறார். இது பேரத் தந்திரமா?

கணக்குப்பிள்ளை:
தந்திரம் இல்லை. அவர் அரசுக்குத் திருப்பிக் கட்டுவது வாங்கிய தொகையை அல்ல, இன்றைய பெறுமதியில் அதே விழுக்காட்டை. ஆர்ஐசிஎஸ் (அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் சங்கம்) உறுப்பினரின் மதிப்பீடு, விற்கும் விலை, இரண்டில் எது கூடவோ அதில்தான் கணக்கு. மதிப்பீடு 410,000, கடன் 20% என்றால், உங்களுக்கு 400,000க்குத் தந்தாலும் அவர் 82,000 கட்டியாக வேண்டும். குறைத்த பத்தாயிரமும் முழுசாக அவர் பங்கிலிருந்து போகும்.

மதிப்பீடு மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். எப்போது எடுத்தது என்று கேளுங்கள். காலாவதி நெருங்கினால், புதிது எடுக்கும்வரை பொறுத்து மறுபடி பேசலாம், சந்தை இறங்கியிருந்தால் அவருக்கும் அது நல்லது. அவருடைய கடன் உங்களுக்கு வராது, விற்பனையன்றே அடைபட்டுவிடும். கடனை அடைப்பதற்கான கடிதப் போக்குவரத்தால் கொம்ப்ளீஷன் சில வாரம் தள்ளிப் போகலாம், அதை உங்கள் வாடகை நோட்டீஸில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வாடகைக்காரன்:
கடைசியாக ஒன்று. சீதன வீட்டை இப்போதே மனைவியின் தங்கை பெயருக்கு மாற்றினால்?

உறுதிப்பத்திரம்:
கூடுதல் வரிக்கு, கொம்ப்ளீஷன் நாள் முடியும்போது யார் கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன் உண்மையாகவே கைமாறி, உறுதிப் பத்திரம் பதிவாகியிருந்தால் அந்த 5% வராது. பதினெட்டு வயதாகாத உங்கள் பிள்ளை பெயருக்கு எழுதினால் பிரயோசனமில்லை, அது பெற்றோருடையதாகவே எண்ணப்படும். மனைவி "முதல் முறை வாங்குபவர்" ஆகவும் மாட்டார். ஒருமுறை வைத்திருந்தால் போதும், அந்தத் தகுதி திரும்பாது. அதனால் 7,250 வேண்டுமென்றால் பத்திரத்தில் நீங்கள் மட்டும், மோர்ட்கேஜும் உங்கள் ஒரு சம்பளத்தில் நிற்க வேண்டும்.

மாற்ற விருப்பமில்லை என்றால் ஊரில் ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் பெறுமதி எடுத்துவையுங்கள், வாங்கும் நாளை ஒட்டியதாக இருக்கட்டும். உறுதிப் பத்திரத்தில் தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் மொழிபெயர்த்துச் சொலிசிட்டருக்குக் கொடுங்கள்.