கொம்புக் குறிக்கு என்ன அட்டை செய்கிறீர்கள்?

ஒன்றாம் வகுப்பு எடுப்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும். 7 செ.மீ. சதுர அட்டையில் க, ப, ம. ஓஎச்பி ஷீட்டில் (அடியில் உள்ளது தெரியும் பிளாஸ்டிக் தாள்) துணைக்குறிகள். மேலே வைத்தால் மா, மி, மீ சரியாக வருகிறது (டி, டீ மட்டும் தனி). உகர, ஊகாரத்துக்கு இது ஆகாது. கு, சு, மு மூன்றும் மூன்று வடிவம். 36 தனி அட்டைதான் வழி.

சிக்கல் கொம்பில். அது இடப்பக்கம் நிற்பதால் பிள்ளைகள் 'மெ'யை 'எ-ம' என்று வாசிக்கிறார்கள். முதலில் ம அட்டை, 'ம்-எ-மெ' என்று சொன்ன பிறகு கொம்பு என்றால் வாசிப்பு தேறிவிடுகிறது. எழுதும்போது கொம்பு முந்த வேண்டுமே, அங்கே மறுபடி குழப்பம். 'மொ'வுக்கு இருபுறமும் துண்டு, ஒன்று நழுவிவிடும்.

ஒரே துண்டில், மடிப்பு அட்டையாக யாராவது செய்திருக்கிறீர்களா? அளவோடு படம் போடுங்கள். லேமினேஷன் வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்து எழுத்தே தெரியாது.