மூணு சீட்டு தெரியும், த்ரீ கார்ட் போக்கர் எப்படி ஆடுவது?

மதுரைக்காரன்:
அடுத்த மாதம் வேலை விஷயமாக லாஸ் வேகஸ் போகிறேன். அங்கே த்ரீ கார்ட் போக்கர் மேஜையில் ஒரு மணி நேரமாவது உட்கார ஆசை. சின்ன வயதிலிருந்து லீவுக்கு மாமா வீட்டில் மூணு சீட்டு ஆடியவன், அதனால் சீட்டு புதிதில்லை. ஆனால் ஆன்ட்டி, ப்ளே, பேர் ப்ளஸ் என்று மூன்று இடத்தில் காசு வைக்க வேண்டுமாமே? எதில் எப்போது வைப்பது? நம்ம ஊர் மாதிரி சீட்டைப் பார்க்காமல் பிளைண்ட் ஆடலாமா?

பாலைவனவாசி:
முதலில் ஒன்று, இங்கே எதிராளி கேசினோ சார்பில் சீட்டுப் போடும் டீலர் மட்டும்தான். பக்கத்தில் இருப்பவர் கையில் என்ன இருந்தாலும் நமக்குக் கவலை இல்லை, மிரட்டி ஆடுவதற்கும் வேலை இல்லை. ஆன்ட்டியில் 15 டாலர் வைத்தால் உங்களுக்கு மூன்று சீட்டு, டீலருக்கு மூன்று சீட்டு. பிடிக்கவில்லையா, கவிழ்த்துவிடலாம், 15 போய்விடும். ஆடுவதானால் ப்ளேயில் இன்னொரு 15 வைக்க வேண்டும். டீலரிடம் ராணியோ அதைவிடப் பெரிய கையோ இருந்தால்தான் முழு ஆட்டமும் செல்லும். இல்லையென்றால் ஆன்ட்டிக்கு மட்டும் ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், ப்ளேயில் வைத்தது அப்படியே திரும்பி வரும். டீலர் பத்துக்கு ஏழு தடவை தேறிவிடுவார், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது ஆடுவது என்பதற்கு ஒரே விதிதான்: ராணி, 6, 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆடுங்கள், கீழே என்றால் கவிழ்த்துவிடுங்கள். ராணி, 7, 2 ஆடலாம். ராணி, 6, 3 வேண்டாம். ராணி, 5, 4 வேண்டாம். ராஜா, ஆஸ், ஜோடி எது வந்தாலும் யோசிக்கவே வேண்டாம். இப்படி ஆடினால் கேசினோவின் பங்கு, அதாவது சராசரியாக நாம் இழப்பது, ஆன்ட்டியில் 3.37 சதவீதம். பிளைண்டாக எல்லாக் கைக்கும் ப்ளே வைத்தால் அது 7.65 ஆகிவிடும், தயவுசெய்து அந்தப் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கணக்குப்புலி:
மேலே சொன்னது சரி. மூணு சீட்டு ஆடியவர்கள் இடறும் இடம் ஒன்று இருக்கிறது, எந்தக் கை பெரிது என்பதில். நம் ஆட்டத்தில் மூன்றும் ஒரே எண் வந்தால் அதுதான் உச்சம். இங்கே ஒரே பூவில் வரிசையாக வரும் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்தான் உச்சம், மூன்று ஒரே எண் இரண்டாவது. மொத்தம் 22,100 கைகளில் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் 48, மூன்று ஒரே எண் 52, அதனால்தான் இந்த வரிசை. அப்புறம் ஆஸ், 2, 3 நம் பக்கம் பெரிய வரிசை, இங்கே இருப்பதிலேயே சின்ன வரிசை.

பேர் ப்ளஸ் தனிப் பந்தயம், டீலரிடம் என்ன இருந்தாலும் உங்களுக்கு ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் காசு. ஆனால் நான்கில் மூன்று கைகளில் ஜோடிகூட வராது. உட்காருவதற்கு முன் மேஜையில் அச்சடித்திருக்கும் பட்டியலில் ஃப்ளஷுக்கு (மூன்றும் ஒரே பூ, வரிசை இல்லாமல்) எத்தனை மடங்கு போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ், மூன்று ஒரே எண், வரிசை, ஃப்ளஷ், ஜோடி என்ற வரிசையில் 40, 30, 6, 4, 1 என்றிருந்தால் கேசினோவின் பங்கு 2.32 சதவீதம். அதே பட்டியலில் அந்த 4 மட்டும் 3 ஆக இருந்தால் 7.28. மணிக்கு 40 கை, கைக்கு 15 டாலர் என்று வைத்தால் சராசரி நஷ்டம் 14 டாலருக்குப் பதில் கிட்டத்தட்ட 44 டாலர், அவ்வளவும் அந்த ஒரு எண்ணால். 3 என்று கண்டால் நான் பேர் ப்ளஸ் பக்கமே போவதில்லை.

மதுரைக்காரன்:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், எனக்கு மூன்று 7 வந்து டீலர் தேறவில்லை என்றால் அவ்வளவு நல்ல கை வீணா?

பாலைவனவாசி:
வீண் இல்லை. ஆன்ட்டி போனஸ் என்று ஒன்று உண்டு, அதற்குத் தனியாகக் காசு வைக்க வேண்டாம், ப்ளே வைத்திருந்தால் போதும். வரிசைக்கு 1, மூன்று ஒரே எண்ணுக்கு 4, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷுக்கு 5 மடங்கு என்பதுதான் வழக்கமான கணக்கு. டீலர் தோற்றாலும் ஜெயித்தாலும் அது உங்களுடையது. எனக்கே அப்படி வந்தது, மூன்று 7, டீலரிடம் ஜாக், 9, 4. ஆன்ட்டிக்கு 15, போனஸ் 60, ப்ளேயில் வைத்த 15 திரும்பி வந்தது. சீட்டை ஒரு கையால் மட்டும் எடுங்கள், மேஜையை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆடுவதானால் ப்ளே வட்டத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு சிப்பை வைத்தால் போதும், வாயைத் திறக்கவே தேவையில்லை.