கே.வி.குப்பம் வீட்டார் (குடும்ப வாட்ஸ்அப் குழு)

பெரியப்பா: ஞாயிறு மஞ்சள் நீராட்டுக்குச் சமையல்காரர் கொட்டகையைக் கேட்கிறார். கார்த்தி, உன் கறுப்பு டிரம் எல்லாம் எப்போது நகரும்?

குமார் மாமா: ஏன் நகர்த்த வேண்டும்? விறகு விற்கிற விலைக்கு அதையே அடுப்பில் ஊற்றலாம். எண்ணெய்தானே.

கார்த்தி: வேண்டாம் மாமா. பிரியாணிக் கடைப் பழைய எண்ணெயில் மெத்தனாலும் பொட்டாஷ் காரமும் கலந்தால் பயோடீசல் மேலே நிற்கும், கிளிசரின் கீழே இறங்கும். அந்தக் கீழ்ச்சரக்குதான் டிரம்மில் இருப்பது. 100 லிட்டர் எண்ணெய்க்கு 20 லிட்டர் மெத்தனால் ஊற்றுகிறேன். செலவானது போக மீதியில் பெரும்பங்கு அதற்குள்தான். மெத்தனால் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. கிளிசரின் சரியாக எரியாவிட்டால் அக்ரோலின் என்ற நச்சுப் புகை வரும், கண்ணும் தொண்டையும் எரியும். அடுப்புப் பக்கமே அது இருக்கக் கூடாது.

லதா அண்ணி: 2024ல் கள்ளக்குறிச்சியில் அத்தனை பேர் போனது இந்த மெத்தனாலாலா?

கார்த்தி: அதேதான் அண்ணி. லைசென்ஸ் வாங்கிப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

செல்வி அத்தை: இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் யார் சொல்லி வைத்தீர்கள்? போன விசேஷத்தில் வேறு காயைப் போட்டு ஏமாற்றினார்கள்.

பெரியப்பா: கார்த்தி, டிரம்மில் இருப்பதை ஆற்றோரப் பள்ளத்தில் கொட்டிவிடேன்.

கார்த்தி: பெரியப்பா, தோல் கழிவில் பாலாறு கெட்டது போதாதா? 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதே நம் வேலூர் வழக்கில்தான். கொட்டவும் வேண்டாம், அதில் எரிபொருள் இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலம் சேர்த்தால், காரமும் எண்ணெயும் சேர்ந்து அதில் உண்டான சோப்பு உடைந்து கொழுப்பு அமிலம் மேலே மிதக்கும். கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து வினைப்படுத்தினால் அது மறுபடி டீசல். அடியில் உப்பு படியும். நடுவில் நிற்கும் கிளிசரினை மூடிய கலத்தில் காய்ச்சினால் 65 டிகிரியிலேயே மெத்தனால் ஆவியாகும், குளிரவைத்துப் பிடிக்கலாம். சோப்பை உடைக்காமல் காய்ச்சினால் நுரை பொங்கிக் கெடுத்துவிடும்.

குமார் மாமா: என் அடுப்புக்கு என்ன வழி?

கார்த்தி: மெத்தனால் எடுத்த கிளிசரினைச் சாண எரிவாயுக் கலனில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் வாயு கூடும். நிறைய ஊற்றினால் கலன் புளித்து நின்றுவிடும்.

குமார் மாமா: ஞாயிற்றுக்கு முடியுமா?

கார்த்தி: முடியாது மாமா. அமிலம், மெத்தனால், தீ மூன்றும் கலந்த வேலை. விசேஷ அவசரத்தில் செய்ய மாட்டேன்.

குமார் மாமா: நான் கொடுத்த பணமும் அந்த டிரம்மில்தான் கிடக்கிறது.

செல்வி அத்தை: அதை இங்கே பேச வேண்டாம். கொட்டகையில் என் பங்கையே இன்னும் யாரும் பேசவில்லை.

பெரியப்பா: செல்வி, விசேஷம் முடியட்டும்.

செல்வி அத்தை: எத்தனை விசேஷம் முடிந்தது அண்ணா?

லதா அண்ணி: டிரம் எங்கே போகிறது, அதைச் சொல்லுங்கள்.

கார்த்தி: சித்தப்பா வீட்டுப் பின்னால் ஓட்டுச் சாய்ப்பு இருக்கிறது. நிழல், காற்றோட்டம், அடுப்பிலிருந்து நல்ல தூரம். சித்தப்பா, சரியா?

லதா அண்ணி: பார்த்துவிட்டார், நீலக்குறி விழுந்துவிட்டது.

பெரியப்பா: அவன் சாயங்காலம்தான் சொல்லுவான். டெம்போவுக்கு மட்டும் சொல்லி வை.

செல்வி அத்தை: கத்தரிக்காய் 15 கிலோ போதுமா?