'ஈரினக் கூட்டணி' சரியா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

அமெரிக்க நகர அரசியல் பற்றிய கல்லூரிப் பாடமொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் 1969இல் தோற்ற டாம் பிராட்லி, கறுப்பின மக்களும் யூதர் உள்ளிட்ட வெள்ளைத் தாராளவாதிகளும் சேர்ந்து அளித்த வாக்குகளால் 1973இல் மேயரானார். 'பைரேஷியல் கோயலிஷன்' எனப்படும் இச்சேர்க்கையை 'ஈரினக் கூட்டணி' என்று எழுதினேன். வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி, "எந்தெந்தக் கட்சிகள் ஐயா, யாருக்கு எத்தனை இடம்?" என்று கேட்டார். அந்நகரத் தேர்தலோ கட்சிச் சின்னமே இல்லாமல் நடப்பது! வேறு சொல் வேண்டும்.

மறுமொழி 1

உயிர்முன் 'இரு' 'ஈர்' ஆகும். ஈருருளி போல ஈரினமும் பழுதற்றது. என் தடை 'இனம்' என்பதில்தான். சிற்றினம் சேராமை அதிகாரத்தில் வள்ளுவர் இனம் என்பது பிறப்பால் அமைந்த கூட்டத்தை அன்று, நாம் சேர்ந்து பழகுவோரை. அப்படியானால் கோயலிஷனுக்கே 'இனம்' என்பதுதான் பழந்தமிழ்ச் சொல். தோல் வேற்றுமையைக் குறிக்க 'நிறம்' இருக்கிறது. சங்க இலக்கியத்தில் அதற்கு மார்பு என்றும் பொருளுண்டு என்பதால், 'இருநிறச் சேர்க்கை' நெஞ்சு கலந்த நட்பையும் உணர்த்தும்.

மறுமொழி 2

ஐயா, 'இருநிறம்' என்றால் இன்றைய மாணவருக்குப் புடவைதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் 'இரு' என்பதில் இருக்கிறது. சிகாகோவில் 1983இல் ஹரோல்ட் வாஷிங்டனை மேயராக்கியவர்கள் பெருந்திரளாக வந்த கறுப்பின வாக்காளர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், ஏரிக்கரைப் பகுதியின் வெள்ளைத் தாராளவாதிகள் என மூன்று திரளினர். 50 பேர் கொண்ட மாநகர மன்றத்தில் 29 பேரைத் திரட்டி அவரை முடக்கிய எட்வர்ட் வெர்டோலியாக்கும் அப்போது அவரைப் போலவே ஜனநாயகக் கட்சிக்காரர். ஆகவே 'கூட்டணி' அங்கும் பொருந்தாது. வட்ட எல்லைகள் திருத்தப்பட்டு 1986இல் நடந்த சிறப்புத் தேர்தலில் லத்தீன் வட்டங்கள் கைகொடுத்த பிறகே மன்றம் 25க்கு 25 ஆனது. அவர்களை விட்டுவிட்டு 'ஈரினம்' என்பது தகவல் பிழை. 'பல்லின வாக்காளர் கூட்டு' என்பது என் பரிந்துரை. லத்தீன் அமெரிக்கர் இனமா மொழிக்குழுவா என்று ஆங்கிலத்தில் நீளும் வழக்கை, நம் 'இனம்' தன் நெகிழ்ச்சியால் எளிதாகக் கடந்துவிடுகிறது.

மறுமொழி 3

'கூட்டு' என்றதும் பூசணிக்காய் நினைவுக்கு வருகிறதே, அம்மா. 'வாக்கணி' எனச் சுருக்கினால் என்ன?

மறுமொழி 4

வாக்கு என்றால் சொல்லும் ஆகும்; அணி என்றால் உவமையும் உருவகமும். 'வாக்கணி' தண்டியலங்காரத்துக்குப் போய்விடும். கூட்டே இருக்கட்டும்.

முதல் மடலாசிரியர்

நேரமில்லாததால் பெரும்பான்மையை ஏற்கிறேன்: லாஸ் ஏஞ்சலிஸுக்கு 'ஈரின வாக்காளர் கூட்டு', சிகாகோவுக்குப் 'பல்லின வாக்காளர் கூட்டு'.

மறுமொழி 1 எழுதியவர்

அச்சிடுங்கள். 'இனம்' குறித்த என் மறுப்பு அப்படியே இருக்கிறது. வள்ளுவரிடமிருந்து சான்றுகளைத் திரட்டித் தனி மடலில் அனுப்புகிறேன்.