"டைக் வீதி வீடு" குழு: திவசமும் ஹொப் கொடியும்

ராணி பெரியம்மா: எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் ஆட்டைத் திவசம் வருகிற புதன்கிழமை. ஐயர் 9 மணிக்கு வருவார். கொட்டகைப் பொடியன்கள் செவ்வாய் பின்னேரமே வருகிறார்களாம், முற்றம் வெறுமையாக இருக்க வேண்டுமாம். நிரு, உன் பீப்பாய்களை எடு.

நிருஷன்: எடுக்க ஏலாது அம்மா. கொடி கயிற்றில் ஏறிவிட்டது

மதி மாமி: எந்தக் கொடி?

மதி மாமி: அந்தப் பாகற்காய் மாதிரி நிற்பதா

நிருஷன்: ஹொப் மாமி

மதி மாமி: மச்சாள், வெள்ளிக்கிழமை பத்திரகாளி கோயிலில் முன்வீட்டு ரீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்கள் மச்சாள் வீட்டு முற்றத்தில் கஞ்சா நிற்கிறதாமே" என்று கேட்டார். அர்ச்சனைத் தட்டோடு நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது?

சுதா அக்கா (ஜேர்மனி): 😂😂😂

ராணி பெரியம்மா: சிரிக்காதே சுதா. உன் மனுசன் கொண்டுவந்து கொடுத்த வேலை இது.

குமார் அத்தான்: மாமி, நான் கொண்டு வந்தது சொக்லேட்டும் சோப்பும்

குமார் அத்தான்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாபு மாமா (கனடா): நீக்க முன்னம் வாசித்துவிட்டேன் தம்பி. "ஈரக் கடதாசியில் சுற்றி" என்று இருந்தது

சிவா மாமா: எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். விவசாயம் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலாவது, ஹொப்பும் கஞ்சாவும் தாவரவியலில் ஒரே குடும்பம், கன்னாபேசியே. அதனால்தான் இந்தக் கதை கிளம்பியிருக்கும். ஆனால் கஞ்சா நிமிர்ந்து நிற்கிற செடி, இலை விரல் விரலாகப் பிரிந்திருக்கும். ஹொப் கொடி. இலை திராட்சை இலை போல மூன்று மடலோ ஐந்து மடலோ. ஹொப்பில் போதை கிடையாது. பியருக்குக் கசப்பும் வாசமும் கொடுப்பது பெண் கொடியின் பூ. அதற்குள்ளே மஞ்சள் தூள் இருக்கும், லுபுலின் என்பார்கள். இரண்டாவது, வெளிநாட்டுக் கிழங்குத் துண்டை அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டுவர ஏலாது. 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு துண்டு வேரோடு ஒரு நாட்டு நோயே வந்து இறங்கும். குமார், இதை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

குமார் அத்தான்: ஓம் மாமா

பாபு மாமா (கனடா): அண்ணா, ஒரே குடும்பம் என்பதை மட்டும் ரீச்சருக்குச் சொல்லிவிடாதே

பாபு மாமா (கனடா): ஒரே குடும்பம் என்றால் ஒரே குணம் என்று நினைப்பார். உன்னையும் என்னையும் பார்த்தாவது தெளியட்டும்

சிவா மாமா: 👍

ராணி பெரியம்மா: அது பியருக்கா? தம்பி இப்போதுதானே சொன்னாய், பியருக்கு என்று? நிரு???

நிருஷன்: பியர் காய்ச்சவில்லை அம்மா. அதற்கு மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், எனக்குத் தெரியாதா. அப்பாவுக்குத் தலையணை செய்யத்தான். ஹொப் பூவை அடைத்துத் தலைக்கு வைத்தால் நித்திரை வரும் என்று ஐரோப்பாவில் ஒரு வழக்கம்

ராணி பெரியம்மா: உன் அப்பாவுக்கா? அந்த மனுசன் செய்தி முடிய முதல் குறட்டை விடுகிறது.

சுதா அக்கா (ஜேர்மனி): 😂

குமார் அத்தான்: எங்கள் பக்கம் ஹல்லர்டாவில் கண்ணுக்கெட்டிய தூரம் இதுதான். 7 மீட்டர் கம்பம் நட்டுக் கம்பி இழுத்திருப்பார்கள். 1516இலேயே பவேரியாவில் சட்டம் போட்டார்கள், பியருக்கு பார்லி, ஹொப், தண்ணீர் மட்டும்தான் என்று

மதி மாமி: திவசம் கதைக்கிற இடத்தில் பியர்ச் சட்டம்

ஜனனி: நிரு, படம் போடு, உண்மையில் எவ்வளவு உயரம்?

நிருஷன்: [படம்] திண்ணைத் தகரத்தைத் தொட்டுவிட்டது. நீல பீப்பாயைப் பாதியாக வெட்டி, அடியில் துளை போட்டு, செம்மண்ணும் மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்தது. என் கையைப் பார், தண்டு முழுக்கக் கொக்கி மாதிரி முள்மயிர். பூனை பிறாண்டியது போல இருக்கிறது

ஜனனி: ஐயோ

நிருஷன்: இந்தக் கச்சான் காற்றுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டியிருக்கிறது. மத்தியானம் இலை துவண்டு தொங்கும். கடல் பக்கத்து இலை ஓரமெல்லாம் கருகல்

சிவா மாமா: இலையைத் திருப்பிப் பார். கீழே மெல்லிய வலையும் பொடிப் பொடியாகப் புள்ளியும் இருந்தால் அது சிவப்புச் சிலந்திப்பூச்சி. வறண்ட சூட்டில் பெருகும். விடிய வெள்ளன இலையின் அடிப்பக்கம் தண்ணீர் விசிறு, மருந்து தேவையில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பூவை எதிர்பார்க்காதே. குமார் இருக்கிற இடத்தில் ஆனி மாதப் பகல் 16 மணித்தியாலம். அந்த நீளத்தில் கொடி உயர்ந்து, பிறகு பகல் குறையக் குறையப் பூக்கும். திருகோணமலையில் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணித்தியாலத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். ஆள் வளர முதலே நாலு பூவைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அதோடு அங்கே குளிர்காலத்தில் மேலே எல்லாம் பட்டு, கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். நம்மூரில் மார்கழிக்கே போர்வை தேவையில்லை.

நிருஷன்: அதற்குத்தான் மாமா எல்ஈடி விளக்கு போட்டிருக்கிறேன். 6 மணியிலிருந்து 10 மணி வரை

ராணி பெரியம்மா: ஓ

ராணி பெரியம்மா: அதுதானா கரண்ட் பில்!!

பாபு மாமா (கனடா): அந்தப் பில்லுக்கும் நான்தானே அனுப்புகிறேன். கூரைக்கு அனுப்பியதன் கணக்கையே இன்னும் யாரும் சொல்லவில்லை

சிவா மாமா: குழுவில் காசுக் கதை வேண்டாம்.

பாபு மாமா (கனடா): மாமரத்தை வெட்டாமல் விட்டிருந்தால் கொட்டகைக்கே தேவை இல்லை. யார் வெட்டச் சொன்னது என்று நான் கேட்கவில்லை

மதி மாமி: கேட்டுவிட்டீர்களே

ஜனனி: பீப்பாய்களை நாலு நாளைக்கு வெளியே ஒழுங்கையில் வைத்தால் என்ன

ராணி பெரியம்மா: மான்?

நிருஷன்: கோட்டைப் பக்கம் திரிகிற மான் இரண்டு இரவில் முடித்துவிடும்

ராணி பெரியம்மா: போன வருடம் கேற் திறந்து கிடந்து அம்மாவின் செவ்வரத்தை முழுக்கப் போனது. ஒரு இலை இல்லை. அம்மா படுக்கையில் கிடந்துகொண்டு, "பாவம், வாயில்லாத சீவன், தின்னட்டும்" என்றார்.

சுதா அக்கா (ஜேர்மனி): எங்களுக்கு மட்டும் பூப் பிடுங்கினால் அடி

சிவா மாமா: முறிக்காமல் இறக்க வழி இருக்கிறது. மேல் முடிச்சை அவிழ்த்து, கொடியைக் கயிற்றோடு சேர்த்து மெதுவாக இறக்கி, பீப்பாயின் மேலேயே வளையமாகச் சுற்றி வை. பிறகு மூன்று பேர் பிடித்துக் கிணற்றடிக்கு நகர்த்தலாம். திரும்பக் கட்டும்போது, மேலிருந்து பார்த்தால் மணிக்கூட்டு முள் போகிற பக்கம் சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் தானாக அவிழும். நுனி முறிந்தாலும் பக்கக் கிளை வரும், அழத் தேவையில்லை. கயிறு என்ன கயிறு?

நிருஷன்: நைலோன்

சிவா மாமா: வழுக்கும். தும்புக்கயிறு கட்டு. அமெரிக்காவில் யாக்கிமாவில் ஹொப் ஏற்றுகிற கயிறே இலங்கையிலிருந்து போகிற தும்புக்கயிறுதான். கொடி நமக்குச் சரிவராது, கயிறு நம்முடையது. ஜிம்மியையும் பார்த்துக்கொள். ஹொப் பூவைத் தின்றால் நாய்க்கு உடல் சூடு ஏறி உயிருக்கே ஆபத்து.

ராணி பெரியம்மா: கிணற்றடியில் சமையல்காரர் அண்டா வைக்கப் போகிறார்.

நிருஷன்: அப்போ பின்வளவு?

ராணி பெரியம்மா: பின்வளவில் பாபுவின் கல்லும் மணலும் கிடக்கிறது.

பாபு மாமா (கனடா): அது மதில் கட்ட

சிவா மாமா: எந்த மதில்?

பாபு மாமா (கனடா): அண்ணாவுக்குத் தனியாக எடுக்கிறேன்

மதி மாமி: மச்சாள், ரீச்சரைத் திவசத்துக்குச் சொல்லியாயிற்றா

ராணி பெரியம்மா: சொல்லாமல் விட ஏலுமா. எட்டுச் செலவுக்குக் கூடமாட நின்றவர்.

மதி மாமி: கொடியைப் பார்க்கவாவது வருவார்

நிருஷன்: நான் செவ்வாய் விடிய இறக்குகிறேன். மூன்று பேர் வேண்டும். நான் ஒன்று

ஜனனி: எனக்கு வேலை

குமார் அத்தான்: நான் மனதால் கூட நிற்கிறேன்

சிவா மாமா: எனக்கு முதுகு. நின்று சொல்லித் தருகிறேன்.

நிருஷன்: அம்மா, கொட்டகைக்காரரை ஒரு மூலையை மட்டும் விட்டுக் கட்டச் சொன்னால் என்ன?

ராணி பெரியம்மா: மதி, வாழைக்காய் எத்தனை சீப்பு சொல்ல?

மதி மாமி: பந்தியில் எத்தனை பேர்?

ராணி பெரியம்மா: அதுதான் தெரியாது. பாபு வருகிறாரா இல்லையா என்றே இன்னும் சொல்லவில்லை.