மிச்சிகன் டெக்கில் எம்.எஸ். சேரப் போகிறேன், அங்கே ஐஸ் ஹாக்கி எப்படி?

கோவில்பட்டி ஹாஃப்:
திருநெல்வேலியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, அமெரிக்காவின் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஹோட்டன் என்ற சின்ன ஊர், மாணவர்களே சுமார் 7,000 பேர்தான். பள்ளியிலிருந்து ஹாக்கி ஆடுகிறேன், எங்கள் ஊரில் ஆடாதவன் குறைவு. அங்கே ஹாக்கி என்றாலே ஐஸ் ஹாக்கிதானாம். ஸ்கேட் காலில் மாட்டியதே இல்லை. டர்ஃப்பில் ஆடிய பழக்கம் ஏதாவது உதவுமா, பல்கலைக்கழக அணிக்கு முயற்சி செய்யலாமா? ஆறு மாதம் பனி என்று அம்மா வேறு பயப்படுகிறார்கள். அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை மார்க்கெட்:
தம்பி, அணியை மறந்துவிடுங்கள். மற்ற விளையாட்டுகளில் டிவிஷன் 2-வில் ஆடும் இந்தப் பல்கலைக்கழகம் ஹாக்கியில் மட்டும் டிவிஷன் 1, அதாவது கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவு. 1962, 1965, 1975 மூன்று முறை தேசிய சாம்பியன். நடக்கப் பழகும் வயதிலேயே ஸ்கேட் மாட்டி, ஜூனியர் லீக்குகளில் ஆடிவிட்டு வருகிற பையன்களைத்தான் எடுப்பார்கள். அந்த ஊரின் ஹாக்கியும் ரொம்பப் பழையது. 1904-ல் வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஒரு லீக் தொடங்கினார்களே, அதில் ஹோட்டன் அணியும் உண்டு.

ஆனால் பார்க்கப் போங்கள், கட்டாயம் போங்கள். வெள்ளி, சனி இரவுகளில் மேக்கின்னஸ் அரங்கத்தில்தான் கேம்பஸ் முழுக்க இருக்கும். மாணவர்களின் பெப் பேண்ட் இசைக்குழு வாசிக்கும்போது நம் ஊர்க் கொடையில் நையாண்டி மேளம் ஏறுகிற மாதிரி இருக்கும். நடுக்களத்தில் ஆடும் ஹாஃப் நீங்கள், உங்கள் கண்ணுக்கு ஆட்டம் சீக்கிரம் பிடிபடும். அணிக்கு ஆறு பேர், 20 நிமிடமாக மூன்று பீரியட், கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலும் ஆடலாம். நம் ஆட்டத்தில் எடுத்துவிட்ட ஆஃப்சைடு அங்கே உண்டு, பந்துக்குப் பதிலாக இருக்கும் பக் என்ற ரப்பர் வட்டு எதிரணிப் பகுதியின் நீலக் கோட்டைத் தாண்டும் முன் நீங்கள் தாண்டக் கூடாது. உடம்பால் மோதித் தள்ளுவதும் விதிக்குள்தான், முதல் நாள் பார்க்கும்போது பதறிப் போவீர்கள்.

தென்காசி அக்கா:
நீங்கள் ஆடுவதற்கு அங்கே ப்ரூம்பால் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லையே! ஐஸ் மேல் ஷூ போட்டுக்கொண்டே ஓடி, துடைப்பம் மாதிரி ஒரு மட்டையால் பந்தை அடிக்க வேண்டும். ஸ்கேட்டிங் தெரிய வேண்டாம், லேபில் கூட இருப்பவர்களே டீம் சேர்ப்பார்கள், யாராவது கூப்பிட்டால் யோசிக்காமல் சேர்ந்துவிடுங்கள். எனக்கு அங்கே நண்பர்கள் கிடைத்ததே அப்படித்தான்.

பனியைப் பற்றி அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சுப்பீரியர் ஏரிக் காற்றால் ஒரு குளிர்காலத்தில் சராசரியாக 200 அங்குலத்துக்கு மேல் விழும். ஆனால் அங்கே யாரும் அதற்காக வேலையை நிறுத்துவதில்லை, ரோடு உடனே சுத்தமாகிவிடும். பனியை விட இருட்டுதான் கஷ்டம். டிசம்பரில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், ரூமுக்குள் தனியாக இருந்தால் மனசு சுருங்கிவிடும். அதனால்தான் வெளியே போய் எதிலாவது சேரச் சொல்கிறேன். பிப்ரவரியில் வின்டர் கார்னிவல், 1922-ல் தொடங்கியது. மாணவர்கள் வாரக்கணக்கில் ராத்திரி நின்று வீடு உயரத்துக்குப் பனிச்சிலை கட்டுவார்கள்.

கோவில்பட்டி ஹாஃப்:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. ஸ்கேட்டிங்கும் கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். என் ஸ்டிக்கைக் கொண்டு வரலாமா?

பாளை மார்க்கெட்:
வேண்டாம், ஐஸில் அதை வைத்து ஆட முடியாது. நம் மட்டையில் தட்டையான பக்கத்தால்தான் அடிக்கணும், அங்கே இரண்டு பக்கமும் செல்லும். கடையில் இடது, வலது என்று இரண்டு வகை இருக்கும். இடது கை மேலே, வலது கை கீழே பிடித்துப் பழகியவர் நீங்கள், அதனால் வலது வகையைக் கேளுங்கள். வெறும் காலில் நிற்கும்போது மூக்கு உயரம் இருந்தால் போதும். ஹெல்மெட் இல்லாமல் மட்டும் ஐஸில் இறங்காதீர்கள்.